வீட்டுவேலைக்குப் போகும் தாயின் கைக்குழந்தைக்குப் பெங்களூரில் அரசு ஏற்பாடு ஏதேனும் உண்டா?

கேள்வி – கோரமங்கலாவாசி

அனைவருக்கும் வணக்கம். கோரமங்கலாவில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டுவேலை செய்யும் பெண்கள் பெரும்பாலும் ராஜேந்திர நகரிலிருந்தும் எல்.ஆர். நகரிலிருந்தும் வருகிறார்கள். அவர்களில் பலர் திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தமிழர்கள். எங்கள் வீட்டில் வேலை செய்பவருக்கு மூன்று குழந்தைகள். மூத்த பெண் நான்காம் வகுப்புப் படிக்கிறாள். அடுத்த பையனுக்கு மூன்றரை வயது. கடைக்குட்டிக்கு ஒன்றரை வயது. காலை ஆறரைக்கு முதல் வீட்டில் பாத்திரம் தேய்க்கத் தொடங்கினால், நான்கு வீடுகளையும் முடித்துவிட்டு அவர் வீடு திரும்பப் பகல் இரண்டு மணி ஆகிவிடுகிறது. கணவர் அதற்கும் முன்பே பெயின்ட் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார். உடனிருந்து பார்த்துக்கொண்ட மாமியார் உடல்நலம் குன்றி ஊருக்குத் திரும்பிவிட்டதால், இப்போது இரண்டு சிறு பிள்ளைகளையும் கவனித்துக்கொள்வது அந்த நான்காம் வகுப்புப் பெண்தான்.

அண்மையில் ஒரு நாள் அவள் பள்ளிச் சீருடையோடு, தங்கையை இடுப்பில் சுமந்தபடி எங்கள் வாசலில் வந்து நின்றாள். தங்கைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அம்மாவைத் தேடிக்கொண்டு வந்திருந்தாள். அன்றைக்கு அவளுக்குக் கணக்குத் தேர்வு என்பதும், அதை அவள் எழுதவே இல்லை என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தன.

அங்கன்வாடி அவர்கள் தெருவிலேயே இருக்கிறது. ஆனால் அது ஒன்பதரை மணிக்குத்தான் திறக்கிறது என்றும், ஒன்றரை வயதுக் குழந்தையை அங்கே வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்றும் தாய் சொல்கிறார். இது அரசு விதியா, அந்த மையத்தில் மட்டும் உள்ள குறையா என்று தெரியவில்லை. எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் ஓட்டுநர்களுக்காகக் கட்டிய அறை பூட்டியே கிடக்கிறது. அதைக் குழந்தைகள் காப்பகமாக மாற்றலாம் என்று சங்கக் கூட்டத்தில் நான் சொன்னபோது, ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று செயலாளர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இந்த வயதுக் குழந்தைகளுக்கென்று அரசின் திட்டமோ சட்டமோ இருந்தால், விவரம் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பதில் – ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர்

சகோதரிக்கு வணக்கம். இந்நகரில் அங்கன்வாடி மேற்பார்வையாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். அந்தத் தாய் சொன்னது சரியே. குறை அந்த மையத்தில் இல்லை. திட்டமே அப்படித்தான் அமைந்திருக்கிறது. மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தை மையத்துக்கு வந்து, பாட்டும் கதையும் கேட்டு, சமைத்த உணவைச் சாப்பிட்டுவிட்டுப் போகும். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தையின் பெயர் பதிவேட்டில் இருக்கும். எடை பார்ப்பார்கள், தடுப்பூசிக்கு நினைவூட்டுவார்கள், சத்துமாவுப் பொட்டலத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். அந்தக் குழந்தை பகல் முழுவதும் யாரிடம் இருக்கிறது என்பதை எந்தப் பதிவேட்டிலும் எழுதச் சொல்லி எங்களை யாரும் கேட்டதில்லை.

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டபோது, ஊட்டச்சத்துக் குறைவும் குழந்தை இறப்புமே பெருங்கவலையாக இருந்தன. உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மாருக்கு ஊட்டச்சத்துக் கல்வி, முன்பருவக் கல்வி என்ற ஆறு சேவைகளை வகுத்தவர்கள், மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை எப்படியும் தாயின் மடியில்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள் போலும். களையெடுக்கப் போகும் தாயும் சித்தாள் வேலைக்குப் போகும் தாயும் அன்றைக்கும் இருக்கத்தான் செய்தார்கள். அவர்களை எண்ணியிருந்தால் திட்டத்தின் வடிவமே வேறாக இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இருப்பினும், மூன்றரை வயதுப் பையனைத் தயங்காமல் அனுப்பச் சொல்லுங்கள். ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு இவ்வளவு கலோரி, இவ்வளவு புரதம் என்று அளவு வகுத்திருக்கிறார்கள். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அந்த உணவு அவனுடைய உரிமை. யாருடைய தயவும் அன்று. குழந்தைக்கு ஆதார் எடுக்கவில்லையே என்று பலர் மையத்துப் பக்கமே போகாமல் இருந்துவிடுகிறார்கள். குழந்தையின் ஆதார் கட்டாயமில்லை. தாயின் ஆதாரைக் கொண்டே பதியலாம். பிரசவத்துக்குத் தாய்வீடு போனவர்களின் பெயர் அங்கேயே, தமிழ்நாட்டு மையத்திலேயே பதிவாகிக் கிடப்பதும் வழக்கம். அங்கன்வாடிப் பதிவுகளுக்கான போஷன் டிராக்கர் செயலியில் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் பெயரை மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது; டீச்சரிடம் கேட்டால் செய்து தருவார். கன்னடத்தில் சொல்லித் தருவார்களே என்ற தயக்கமும் வேண்டாம். வீட்டில் தமிழ் இருக்கிறது. இந்த ஊரில் பள்ளிக்கும் பிழைப்புக்கும் வேண்டிய மொழி அந்த வயதில் விளையாட்டாகவே வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஒன்றரை வயதுக் குழந்தையையும் அதே மையத்தில் ஏற்றுக்கொள்ளச் சொல்லி யாரேனும் வலியுறுத்தினால், தயவுசெய்து முதலில் அந்த அறைக்குள் ஒரு முறை போய்ப் பாருங்கள். நான் பார்வையிட்ட மையங்களில் பல, பத்துக்குப் பன்னிரண்டு அடி வாடகை அறைகள். ஒரு மூலையில் கேஸ் அடுப்பும் சிலிண்டரும், அதை ஒட்டி அரிசி மூட்டை, மேலே கொக்கியில் தொங்கும் எடைத்தராசு, நடுவில் விரித்த பாயில் இருபது இருபத்தைந்து பிள்ளைகள். உதவியாளர் குக்கரை இறக்கும் நேரத்தில் டீச்சர் எல்லாரையும் எதிர்ச்சுவர் ஓரமாக நகர்த்தி உட்கார வைப்பார். தவழ்கிற குழந்தைக்கும் கொதிக்கிற சாம்பாருக்கும் இடையே அங்கே மூன்றடி தூரம்கூட இராது. ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும்தான் மொத்த ஆட்பலம். அவர்களுக்கு மத்திய அரசு தரும் பங்கு 2018 அக்டோபரில் பணியாளருக்கு 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. மாநிலம் தன் பங்கைச் சேர்த்துத் தருகிறது. அவர்கள் பணிக்கொடைக்கு உரியவர்கள் என்பதையே 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லித்தான் நாடு ஏற்றுக்கொண்டது. கைக்குழந்தைகளுக்குத் தனி ஆள், தனி இடம், தனி நேரம் வேண்டும். இருப்பவர்களின் தலையிலேயே இதையும் கட்டுவது எந்தக் குழந்தைக்கும் நன்மை தராது.

பதில் – தொழிலாளர் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர்

மேலே அம்மையார் எழுதியதற்குச் சட்டத்திலும் வேர் இருக்கிறது. 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம், 14 வயது நிறையும் வரை ஒவ்வொரு குழந்தைக்கும் கல்வி அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. அந்த உரிமைக்குக் கீழ்வரம்பு எதையும் வைக்கவில்லை. 2002இல் 86ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தபோது அந்த உரிமை 6 முதல் 14 வயதுக்கு என்று சுருக்கப்பட்டது. ஆறு வயதுக்கு உட்பட்டவர்கள் 45ஆவது பிரிவுக்கு, அதாவது அரசு முயல வேண்டும் என்று மட்டும் சொல்லும் வழிகாட்டு நெறிக்குத் தள்ளப்பட்டார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 11ஆவது பிரிவும் மூன்று வயதுக்கு மேற்பட்டோருக்கு இலவச முன்பருவக் கல்வி அளிக்க அரசு ஏற்பாடு செய்யலாம் என்றே நிற்கிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மூளை வளர்ச்சியில் 85 விழுக்காட்டுக்கு மேல் ஆறு வயதுக்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது என்று தானே எழுதிவிட்டு, தன் பள்ளி அமைப்பை மூன்று வயதிலிருந்துதான் தொடங்குகிறது. முதல் மூன்று ஆண்டுகளுக்கு உரிமை கோரி நீதிமன்றப் படியேற வலுவான வாசகம் எதுவும் இல்லை என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

வேலையிடம் சார்ந்த சட்டங்களை எடுத்துக்கொண்டால், ஒவ்வொன்றும் ஆள் எண்ணிக்கையைக் கேட்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 30 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் காப்பகம் வேண்டும் என்றது. 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் 50 பெண்களுக்கு மேல் என்றது. கட்டுநர்கள் வேலையைத் துணை ஒப்பந்தக்காரர்களிடையே கூறுபோட்டுவிட, எந்த ஒப்பந்தக்காரரின் வருகைப் பதிவேட்டிலும் ஐம்பது பெண்கள் தென்படுவதில்லை. மகப்பேறு பயன்கள் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களுக்குக் காப்பகத்தைக் கட்டாயமாக்கி, தாய் நாளொன்றுக்கு நான்கு முறை குழந்தையைப் பார்த்துவரவும் வழி செய்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இந்த ஐம்பது என்ற கணக்கையே தொடர்கிறது. நான்கு வீடுகளில் வேலை செய்யும் பெண்ணுக்கு நான்கு முதலாளிகள். ஒவ்வொருவருக்கும் அவர் ஒருவரே ஊழியர். எந்தச் சட்டத்தின் கணக்கிலும் அவர் வர வழியே இல்லை. இத்தனைக்கும் வீட்டுப் பணியாளர்களுக்கு 2004இலேயே குறைந்தபட்ச ஊதியத்தை அறிவித்த மாநிலம் கர்நாடகம்.

வழி அடியோடு அடைபட்டுவிடவில்லை. மத்திய அரசின் காப்பகத் திட்டம் 2022இல் மிஷன் சக்தி என்ற மகளிர் நலத் திட்டத் தொகுப்பின் கீழ் பால்னா என்ற பெயர் பெற்றது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கானது. தாய் எங்கே, என்ன வேலை செய்கிறார் என்பது இதில் தடையாகாது. அங்கன்வாடியோடு இணைந்த காப்பகங்களையும் இதே திட்டத்தில் தொடங்கலாம். செலவை மத்திய அரசும் மாநில அரசும் 60க்கு 40 என்று பகிர்ந்துகொள்கின்றன. ஆனால் மாநில அரசு முன்மொழிந்தால்தான் மையம் கிடைக்கும்; கீழிருந்து கோரிக்கை போனால்தான் மாநிலம் முன்மொழியும். கிராமங்களில் ஊரக வேலைத் திட்டத்துக்குச் செல்லும் தாய்மாருக்காக ஏறத்தாழ 4,000 கிராமப் பஞ்சாயத்துகளில் ‘கூசின மனெ’ என்ற காப்பகங்களைத் திறக்க இந்த மாநில அரசு முன்வந்தது. நகரத்துக் கூலித் தாய்க்கு அதற்கு நிகரான ஏற்பாடு கேட்பது பெரிய ஆசை ஒன்றும் அன்று.

செயலாளரின் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லலாம். சங்கம் தானே காப்பகத்தை நடத்தினால், தக்க கவனம் செலுத்த வேண்டிய பொறுப்பு சங்கத்தினுடையதே; பெற்றோரிடம் ஒப்புதல் கடிதம் வாங்கிக்கொண்டால் அந்தப் பொறுப்பு நீங்கிவிடாது. அனுபவமுள்ள தொண்டு நிறுவனத்திடமோ துறையிடமோ எழுத்து மூலமான ஒப்பந்தத்தோடு நடத்தும் பணியை ஒப்படைத்து, இடத்தையும் பணத்தையும் சங்கம் தருவதே பாதுகாப்பான ஏற்பாடு.

பதில் – பொம்மனஹள்ளி ஆயத்த ஆடைத் தொழிலாளி

வழக்கறிஞர் ஐயா எழுதிய தொழிற்சாலைச் சட்டத்தின்படி எங்கள் ஆலையிலும் காப்பகம் இருக்கிறது. தொட்டில்கள் இருக்கின்றன, ஆயா இருக்கிறார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் இடத்தில் அங்கே நான் பார்க்கும் குழந்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பெண்களுக்குத் தேவை இல்லை என்று நிர்வாகம் சொல்கிறது. உண்மைக் காரணம் காலை பேருந்தில் ஏறிப் பார்த்தால் விளங்கும். 2023 ஜூன் முதல் மாநில அரசின் சக்தி திட்டத்தில் எங்களுக்குப் பயணச்சீட்டுச் செலவு இல்லை. அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் படிக்கட்டு வரை ஆள் நிற்கும் வண்டியில், ஒரு கையில் குழந்தையும் மறு கையில் சாப்பாட்டுப் பையுமாக ஒரு மணி நேரம் நின்றுகொண்டு வருவதற்கு எந்தத் தாய் துணிவார்? வந்து சேர்ந்தாலும், உற்பத்தி இலக்கு முடியாமல் லைனை விட்டு எழுந்துபோய்ப் பால் கொடுத்துவிட்டு வருவது சட்டப் புத்தகத்தில் இருக்கும் அளவுக்கு எளிதன்று. என் மகன் மூன்று வயது வரை ஊரில் என் தாயிடம்தான் வளர்ந்தான். அவன் நடக்கத் தொடங்கியதை அம்மா தொலைபேசியில் சொல்லித்தான் நான் அறிந்தேன்.

அதனால் காப்பகம் எங்கே அமைய வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: குழந்தை வசிக்கும் தெருவில். சகோதரி நல்லெண்ணத்தோடு தரும் ஓட்டுநர் அறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த அறை உங்கள் குடியிருப்புக்குள் இருந்தால், அங்கே வேலை செய்யும் வரைதான் அந்தத் தாயின் பிள்ளைக்கு அதில் இடம். கூலி போதவில்லை என்று வேறு வீடு பார்க்க நினைத்தால் காப்பகமும் போய்விடும்; அதற்குப் பயந்து குறைந்த கூலிக்கே இருந்துவிடுவார். ராஜேந்திர நகரில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, அந்தப் பகுதிப் பெண்கள் இருவருக்குப் பயிற்சி கொடுத்துச் சம்பளத்துக்கு அமர்த்தி, காலை ஆறு மணிக்குத் திறக்கச் செய்யுங்கள். வாடகையைச் சங்கம் ஏற்றுக்கொள்ளட்டும்.

2016 ஏப்ரலில் வருங்கால வைப்பு நிதி விதியை மாற்றியபோது ஓசூர் சாலையையே நிறுத்தியவர்கள் நாங்கள். அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது. காப்பகத்துக்காக அப்படித் தெருவுக்கு வந்ததில்லை என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது. பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்பதை அவரவர் வீட்டுக் கவலை என்றே எங்களில் பலர் இன்னமும் எண்ணுகிறோம்.

பதில் – அரசுப் பள்ளி ஆசிரியர், சிவாஜி நகர்

எல்லாரும் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பற்றி எழுதிவிட்டீர்கள். கணக்குத் தேர்வு எழுதாத அந்த மூத்த பெண்ணைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். என் வகுப்பிலும் இப்படிப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். பள்ளியிலிருந்து நின்றுவிட மாட்டார்கள். வாரத்தில் ஓரிரு நாள் வர மாட்டார்கள், வந்தாலும் முதல் பாடவேளை முடிந்த பிறகு வருவார்கள். வகுத்தல் கணக்கு நடத்திய நாளில் இல்லாத பெண் பின்னக் கணக்கில் தடுமாறுவாள். ஆறாம் வகுப்பில் மக்கு என்று பெயர் எடுத்துவிடுவாள். இடைநிற்றல் புள்ளிவிவரத்தில் இவர்கள் வருவதே இல்லை. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமும் பள்ளி நேரம் போகக் குடும்பத்துக்கு உதவுவதை விலக்கிவைத்துவிட்டதால், தங்கையைத் தூக்கிச் சுமப்பது யார் கண்ணிலும் வேலையாகப் படுவதில்லை.

1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இதை அறிந்திருந்தது. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் சிறுமிகள் பள்ளிக்கு வருவதற்காகவே பகல்நேரக் காப்பகங்கள் அமைக்கப்படும் என்று அதில் எழுதியே வைத்தார்கள். அந்தக் காப்பகங்கள் வந்திருந்தால் என் வகுப்பில் பல இருக்கைகள் இப்படி வெறுமையாக இரா. காப்பகத்துக்கு மனு எழுதும்போது மூத்த பிள்ளைகளின் வருகைக் குறைவையும் சேர்த்து எழுதுங்கள். அந்தப் பெண்ணின் தலைமையாசிரியரைக் கேட்டால், அவளுக்கு அந்தத் தேர்வை மீண்டும் வைக்கவும் கூடும்; இந்த வாரமே கேளுங்கள்.

கேள்வி கேட்டவர் – கோரமங்கலாவாசி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பொம்மனஹள்ளிச் சகோதரி சொன்னதைப் பற்றி எங்கள் வீட்டுவேலை செய்பவரிடமே பேசினேன். குடியிருப்புக்குள் அறை இருப்பதைவிடத் தெருவில் இருப்பதே நல்லது என்று அவரும் சொன்னார். பக்கத்து வீட்டுக் குழந்தைகளும் அதில் வரலாம் அல்லவா என்று கேட்டார். தலைமையாசிரியரைப் பார்த்துவிட்டோம், தேர்வு வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். வாடகையைப் பராமரிப்புக் கட்டணத்திலிருந்து தரச் செயலாளர் ஓரளவு இசைந்திருக்கிறார். அரசுக்கு எழுதும் மனு எப்படி இருக்க வேண்டும், யாருக்கு எழுத வேண்டும் என்று ஓய்வுபெற்ற அம்மா வழிகாட்ட முடியுமா?

பதில் – ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர்

உங்கள் பகுதிக்கான குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு எழுதுங்கள், சி.டி.பி.ஓ. அலுவலகம் என்று கேட்டால் எந்த அங்கன்வாடி டீச்சரும் வழி சொல்வார். மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறையின் துணை இயக்குநருக்கு ஒரு படி அனுப்புங்கள். கன்னடத்தில் எழுதுங்கள், கையெழுத்துப் போடுபவர்கள் தாய்மாராக இருக்கட்டும், சங்கத்தின் கடிதம் இணைப்பாகப் போகட்டும். நேரில் கொடுத்து, படியில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

மனுவின் உயிர் அதன் பட்டியலில் இருக்கிறது. தெருத்தெருவாகப் போய், ஒவ்வொரு குழந்தையின் வயது, தாய் வீட்டை விட்டுக் கிளம்பும் நேரம், திரும்பும் நேரம், இடையில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள். துறையிடம் இல்லாத தகவல் அது. அங்கன்வாடியே இல்லாத சந்துகள் அங்கே இருந்து, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் 40 பேர் சேர்ந்தால், கோரிக்கை வைத்த மூன்று மாதத்துக்குள் மையம் தர வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத்தின் 2006 டிசம்பர் 13 ஆணையைத் தனியாகக் குறிப்பிட்டு இன்னொரு மனு கொடுங்கள். குடிசைப் பகுதிகளுக்கும் அது பொருந்தும். காப்பக மனுவில் பால்னா திட்டத்தின் பெயரைச் சொல்லி, இடமும் வாடகையும் தயாராக இருப்பதை முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். இந்நகரில் இடம் கிடைக்கவில்லை என்பதே கோப்புகள் திரும்பி வருவதற்கு நான் அதிகம் கண்ட காரணம்.

திறக்கும் நேரம் காலை ஆறு மணி என்பதை விட்டுக்கொடுக்க வேண்டாம். ஒன்பதரை என்று அலுவலகம் திருத்தினால், உங்கள் பட்டியலில் உள்ள கிளம்பும் நேரத்தைக் காட்டுங்கள். அரசின் பதில் வரும் வரை ஏழெட்டுக் குழந்தைகளோடு வாடகை வீட்டில் தொடங்கிவிடுவதும் நல்லதே. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இருக்குமிடத்தில் அடுப்பு வேறு அறையில் இருக்கட்டும். வரைவை எழுதியதும் இங்கேயே பதியுங்கள், கன்னடத்தைச் சரிபார்த்துத் தருகிறேன்.